ஷங்காய் அலாவுதீனுக்கு ஒரு முகம்

"இப்ப வரும் பாருங்க" என்று சொல்லிக் கத்தரிக்கோலை என் தலைக்கு ஒரு முழம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார் அலாவுதீன். எதிர்க் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கண்ணை இறுக மூடி, மறு கண்ணால் வாசலைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் நிற்கிறார். மூன்று மூச்சு கழிந்திருக்கும். துறைமுகத்தில் கப்பல் சங்கு அலறியது. அலறி ஓய்ந்ததும் கால் தரைக்கு வந்தது. கத்தரிக்கோலும் இறங்கி, விட்ட முடியிலிருந்தே வேலையைத் தொடர்ந்தது.

"ரங்கூன் கப்பல். இன்னிக்கு ரெண்டு நிமிசம் லேட்டு. கப்பித்தான் தூங்கிட்டாரு போல."

பினாங்கு சூலியா தெருவின் சத்தங்கள் முழுவதும் அவருக்கு மனப்பாடம். கிட்டங்கியில் அரிசி மூட்டை விழுவது ஒன்பதரைக்கு. முனையில் திரும்பும் டிராலி பஸ்ஸின் கொம்பு கம்பியிலிருந்து நழுவிப் படாரென்று அடிப்பது தினம் இரண்டு தரம், மழை நாளில் மூன்று. "தெரிஞ்சா அது சத்தம், தெரியாட்டி அது குண்டு" என்பது அவர் சித்தாந்தம். நேரம் தெரிந்த சத்தத்துக்கு ஆயுதத்தை உயர்த்திப் பிடிப்பார். தெரியாத சத்தத்துக்குத் தண்ணீர்க் குவளைகள் வைத்திருக்கும் மேசைக்கு அடியில் போய்விடுவார். போவதை யாரும் பார்த்ததில்லை. இங்கே இருப்பார், பிறகு அங்கே இருப்பார்.

தெருக்காரர்கள் இதற்கு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். எதிரே பித்தளைப் பாத்திரக் கடை அப்துல் அஜீஸ், வண்டியிலிருந்து சாமான் இறக்குமுன் குரல் கொடுப்பார்.

"ஷங்காய்! அண்டா இறக்குறேன்!"

"எத்தனை அஜீஸண்ணே?"

"மூணு!"

"இறக்கு, இறக்கு!"

டமார், டமார் என்று இரண்டு கேட்கும். அலாவுதீன் தூக்கிய கை தூக்கியபடி, "எங்கண்ணே மூணாவது?" என்பார்.

"என் கால் மேல விழுந்துருச்சுடா!"

கடை குலுங்கிச் சிரிக்கும். எல்லாருக்கும் மேலாகச் சிரிப்பவர் அலாவுதீன்தான். சிரிக்கும்போது அவர் முதுகு மட்டும் சுவரை விட்டு நகராது.

ஒல்லி உடம்பு, முப்பத்தைந்து வயது, நாகூர்ப் பக்கத்துப் பேச்சு. செருப்பைக் கழற்றமாட்டார். பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு ரத்தின வியாபாரியோடு கப்பலேறிப் போய், ஷங்காயில் சவரக்கடை வைத்தவர். அந்த ஊரில் இந்தியன் என்றால் அநேகமாகச் சீக்கியப் போலீஸ்காரன். "தலைமுடியும் எடுக்கமாட்டான், தாடியும் எடுக்கமாட்டான். அவன் நடுவுல போயி நான் கடை போட்டேன் சார்! எனக்கு எவ்வளவு மூளை பாருங்க." பின்பு மாலுமிகளும் பார்சிக் குமாஸ்தாக்களும் வந்து அவரைக் காப்பாற்றினார்கள்.

போன ஆகஸ்டில் ஜப்பான்காரனுக்கும் சீனனுக்கும் சண்டை மூண்டது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் வானத்திலிருந்து குண்டு விழுந்தது. அகதிக் கப்பலில் ஹாங்காங் வந்து, அங்கிருந்து பினாங்கு வந்து சேர்ந்தபோது அவர் கையில் சாமான் என்று இருந்தது சோப்புப் போடும் பிரஷ் ஒன்றுதான். ஏன் பிரஷ் என்று ஒரு நாள் கேட்டேன்.

"நாற்காலியில ஒரு ஆளு இருந்தாரு சார். சோப்பு போட்டு முடிச்சேன். ஓடி வந்துட்டேன்." கொஞ்சம் சிரித்தார். "அவரு இன்னும் சோப்போடதான் இருக்காரு." உடனே என் பிடரியில் பவுடரை வாரி அடித்து, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கடை காமாரியாவுடையது. கணவர் காலமானபின் கடையை விடாமல் நடத்தும் அம்மாள். பின்கட்டில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி, திரை இடுக்கு வழியாக எல்லாம் பார்ப்பவர். அலாவுதீனை வேலைக்கு வைத்தபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றே: "கை நடுங்குமா?" கை நடுங்காது. சத்தம் வந்தால் ஆளே இருக்கமாட்டார் என்பதை அந்த அம்மாள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

வினை சீனப் புத்தாண்டில் வந்தது. முதல் இரண்டு நாள் வெடிக்கு அலாவுதீன் காதில் பஞ்சும் அதன்மேல் துண்டுமாகக் கடையை மூடிக்கொண்டு உள்ளே இருந்தார். ஐந்தாம் நாளும் மூடினார். ஷங்காயில் ஐந்தாம் நாள் செல்வத் தெய்வத்துக்கு வெடி வெடிப்பார்களாம். இங்கே அன்று ஒரு பொட்டு வெடியும் கேட்கவில்லை. "ஆச்சு, இனிமே அடுத்த வருசம்தான்!" என்று கடையைத் திறந்து, வாசலில் எல்லாருக்கும் கைகொடுத்தார். பினாங்கு ஹொக்கியன் சீனர்களுக்கு ஒன்பதாம் நாள்தான் பெரிய நாள், வான ராஜாவின் பிறந்தநாள், எட்டாம் நாள் மாலையே வெடி தொடங்கிவிடும் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. இங்கே பூனைக்குக்கூடத் தெரிந்ததை யார் யாருக்குச் சொல்வது?

எட்டாம் நாள் மாலை நாற்காலியில் இருந்தவர் ஐயாக்கண்ணு தண்டல், துறைமுகத்துப் படகுகளுக்கெல்லாம் மேஸ்திரி. அவர் மீசை துறைமுகம் முழுக்கப் பிரசித்தம். அதன் நுனியைச் சீர் செய்ய மட்டுமே வந்திருந்தார். கத்தி உதட்டோரத்தில் இருந்தபோது பக்கத்து மளிகைக்காரர் பத்தாயிரம் வெடிச் சரத்தைக் கொளுத்தினார். புகை அடங்கியபோது அலாவுதீன் மேசைக்கு அடியில். மீசையில் வலது பாதி தண்டலின் மடியில்.

"இவன் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கேஸு! யாருய்யா இவன் கையில கத்தியக் குடுத்தது?"

காமாரியா எழுந்து வந்து கத்தியை வாங்கி, அரிசி டின்னுக்குள் புதைத்தார். "இனிமே கத்தரி மட்டும்தான் தம்பி. சவரம் இல்லாத கடை எத்தனை நாள் ஓடும்லா? ஒரு முழு மூஞ்சி, ஆரம்பிச்சதை முடிச்சுக் காட்டு. கத்தி உனக்கு. வர்ற மே மாசக் கடைசிக்குள்ள காட்டலேன்னா வேற ஆள வைப்பேன்."

அன்று முதல் அலாவுதீன் முகம் தேடினார். "சார், ஒரு மூஞ்சி குடுங்களேன். பத்திரமாத் திருப்பித் தந்துர்றேன்!" என்னிடமே மூன்று தரம் கேட்டார். நான் தினம் பத்திரிகையில் யுத்தச் செய்தி படித்துவிட்டுக் காப்பியைச் சிந்துகிறவன். காலையில்தான் சவரம் ஆயிற்று என்று மூன்று தரமும் பொய் சொன்னேன். மலாய் போஸ்ட்மேனைக் கேட்டார், வெள்ளாட்டைப் பார்த்துக்கூடப் பெருமூச்சு விட்டார். மே மாதம் இருபத்தெட்டாம் தேதி வரை ஒரு முகமும் அகப்படவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி காலை ஐயாக்கண்ணு தண்டல் வந்து நின்றார். மீசை இல்லை. கன்னம் முழுவதும் கீறல்.

"காமாரியாம்மா, அந்தக் கத்திய எடுங்க."

"எதுக்கு, குத்தவா?"

"வழிக்கத்தான்! மிச்சப் பாதியையும் எடுத்துட்டு வீட்டுக்குப் போனேன். என் பொஞ்சாதி ரெண்டு நாள் சிரிச்சா. மூணாம் நாளு, பத்து வயசு குறைஞ்சாப்ல இருக்கு, இப்படியே இருங்கன்னுட்டா. மூணு மாசமா எல்லாக் கடையும் ஏறி எறங்கிட்டேன். அத்தனை பேரும் தேங்கா திருவுறானுங்க. இவன் எடுத்தது எடுத்ததே தெரியலயே எனக்கு!"

செய்தி தெருவுக்குப் போக அரை நிமிஷம் ஆனது. அப்துல் அஜீஸ் நடுவீதியில் இறங்கி இரண்டு கையையும் விரித்தார். மாட்டு வண்டிகள் நின்றன. "ஷங்காய் வழிக்கிறான்! ஒருத்தனும் தும்மக்கூடாது!" கிட்டங்கிக் கூலிகள் அரிசி மூட்டையைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தினார்கள். மளிகைக்காரர் தன் சேவலைக் கூடையால் கவிழ்த்து, கூடைமேல் தானே உட்கார்ந்துகொண்டார்.

அலாவுதீன் சோப்புப் போட்டார். இடது கன்னம் முடிந்தது. தாடை முடிந்தது. காமாரியா திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். வலது கன்னத்தில் கத்தி படப்போன நேரம், வெளியூர் லாரி ஒன்று, பாவம் அதற்கென்ன தெரியும், முனையில் திரும்ப, அதன் டயர் வெடித்தது.

நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது அலாவுதீன் இல்லை. நாற்காலியில் தண்டலும் இல்லை. மேசைக்கு அடியிலிருந்து இரண்டு பெரிய கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஓடும்போது வாடிக்கையாளரின் கழுத்துத் துணியைப் பிடித்து, ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்!

"தண்டல்... இருக்கீங்களா?"

"இருக்கேன்டா, எங்க போறது? தலை இடிக்குது."

"சோப்பு காயல. திரும்புங்க இப்படி."

"இங்கயேவா?"

"இங்கயேதான். மூச்சு விடாதீங்க."

வாசல் நிறையக் கூட்டம். அஜீஸ் தலையில் கைவைத்தபடி நின்றார். காமாரியா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கவா, வேறு எதையோ அடக்கவா, தெரியவில்லை. மேசைக்கு அடியில் சரக், சரக் என்று கத்தி நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஒரு கை வெளியே நீண்டு, மேசைமேல் தடவி, சவரம் முழுதாக முடிந்தபின் மட்டுமே தேவைப்படும் படிகாரக் கட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று.