மூடி வைத்த காப்பி

கீழ் வீட்டுக்காரியின் மகள் படியேறுகிற சத்தத்தை வைத்தே அவள் உடம்பில் ரத்தம் எந்த மட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்த புதிதில் தடதடவென்று ஓடி வருவாள். நாளாக ஆக நடை தளரும். அடுத்த முறை நெருங்கும்போது படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "மாஷி, தோசையை நீயே இங்க கொண்டு வந்துடேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாள். மாஷி என்றால் சித்தி; பிழைக்க வந்த வங்காளத்து ஊர் இது, நாங்கள் பேசுவது வங்காளியில்தான். ஆனால் தோசை தோசைதான்.

அவளுக்குப் பிறவியிலேயே தலசீமியா. உடம்பு வேண்டிய அளவுக்கு ரத்தத்தை உண்டாக்காது. மாதாமாதம் பிறர் ரத்தத்தை ஏற்றித்தான் ஆக வேண்டும். அதிலும் அவளுடையது சுலபத்தில் கிடைக்காத நெகட்டிவ் குரூப். கோடையில் தெருக் கிளப்புகள் நடத்தும் ரத்ததான முகாம்கள் குறைந்துவிடும். அந்தக் கோடையில் அவளுக்கென்று வழக்கமாகக் கொடுத்துவந்த மனிதர் வேலை மாற்றலில் வேறு ஊருக்குப் போய்விட்டார். என்னைத் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் அவள் அம்மா கையில் போனோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"ரத்த வங்கியில இல்லையாம் தீதி. இதே குரூப்ல ஆள் இருந்தா கூட்டிட்டு வாங்கன்னு சொல்றாங்க. நான் எங்க போவேன்?"

என்னுடையதும் அதே குரூப். எனக்கு இது தெரிந்திருந்ததே என் பயத்தால்தான். முந்தைய மழைக்காலத்தில் லேசாகக் காய்ச்சல் அடித்ததும் டெங்குவேதான் என்று முடிவுகட்டி சோதனைக்கு ஓடியவள், எதற்கும் இருக்கட்டும் என்று குரூப்பையும் பார்க்கச் சொல்லியிருந்தேன். கேஸை மூடிவிட்டுத் திரும்ப வந்து பார்ப்பவள் நான். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய் மறுபடி வந்து இழுப்பேன். ஊசி என்றால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் "நான் வரேன்" என்று வாய் சொல்லிவிட்டது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ரத்த வங்கியில் கொடுத்த ஆங்கிலத் தாளைக் கீழ் வீட்டுக்காரிதான் படித்துக் கேட்டுப் பூர்த்தி செய்தாள். பிறகு விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடிக் குப்பியில் இருந்த நீலத் தண்ணீரில் விட்டார்கள். நல்ல சத்துள்ள ரத்தம் என்றால் சொட்டு மூழ்கும். என்னுடையது மிதந்தது.

"உங்களுக்கே ரத்தம் பத்தாது" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, சில வாரம் கழித்து வரச் சொன்னார்.

என் வீட்டுக்காரருக்கு லேக் மார்க்கெட் பக்கம் காப்பிப்பொடிக் கடையில் வேலை. வறுத்து, அரைத்து, பொட்டலம் கட்டித் தருவது. சாயங்காலம் நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டார். மறுநாள் சோறு கொண்டுபோனபோது கடையில் நடந்ததை என் காதாலேயே கேட்டேன்.

"பீபரியா, பிளாண்டேஷனா? சிக்கரி எவ்வளவு போடணும்? அப்புறம், உங்க ரத்தம் என்ன குரூப்?"

"எதுக்கு அண்ணா, அதையும் சேர்த்து அரைக்கவா?" என்று சிரித்தாள் வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி. திருச்சிப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவள். இவர் அரைவை மிஷினை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிப்பு நின்றது. அவள் குரூப் வேறு. ஆனால் ஆபீஸில் எல்லோரிடமும் கேட்டு, அந்த வாரமே எங்களுக்கு வேண்டிய குரூப் உள்ள ஒரு தோழியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த மாதம் ஒருவாறாகக் கடந்தது. ஒரு தடவை கொடுத்தவர் மறுபடி கொடுக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வரிசையில் நானும் இருந்தாக வேண்டும். மனதில் அது ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது.

முருங்கைக்கீரை தினமும். பேரீச்சம்பழம், வெல்லம், கறிக்கடையில் ஈரல். கீழ் வீட்டுக்காரி, வங்காளிகள் ரத்தம் ஊறுவதற்கென்றே நம்பும் குலேகாரா கீரையை வேகவைத்து, அந்தக் கறுத்த தண்ணீரைச் சுடச்சுட மாடிக்கு எடுத்துவருவாள். நான் குடித்து முடிக்கிற வரை நகரமாட்டாள். காலையில் மாத்திரை. ஒருநாள் தவறியதில்லை. தவறிவிட்டதோ என்று சந்தேகம் வந்து காலி அட்டையை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

மழைக்காலத்தில் மறுபடி போனேன். மறுபடி மிதந்தது.

அந்த முறை வங்கியில் ஒரு பை ரத்தம் வருவதற்குள் அந்தப் பெண் காத்திருந்து காத்திருந்து உதடெல்லாம் வெளுத்துவிட்டாள். தோசை கேட்கக்கூட அவள் மேலே வரவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதியில் வைத்துவிட்டாள்.

"துர்கா பூஜைக்குள்ள எனக்கு ரத்தம் கிடைச்சுடுமா மாஷி? இந்தத் தடவை எல்லாரும் நடந்தே பந்தல் பார்க்கப் போறோம். போன வருஷம் என்னை ரிக்‌ஷாவுல உட்கார வெச்சுட்டாங்க, கிழவி மாதிரி."

"கிடைக்கும்" என்றேன். எப்படி என்று தெரியாமல்தான் சொன்னேன்.

டாக்டரம்மாவிடம் நேரே போய் நின்றேன். கீரை, ஈரல், குலேகாரா எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "மாத்திரையை எப்படிச் சாப்பிடறீங்க?" என்றார்.

"காலையில எழுந்ததும், காப்பியோட."

"காப்பியோடன்னா?"

"தண்ணியில முழுங்கினா தொண்டையில நிக்கும். காப்பின்னா நல்லா இறங்கிடும்."

"சாப்பாட்டுக்கு அப்புறம்?"

"காப்பிதான். கீரை சாப்பிட்டா வாய் ஒருமாதிரி இருக்குமே. உடனே ஒரு டம்ளர் குடிச்சாதான்..."

அவர் பேனாவை மேஜை மேல் வைத்தார். காப்பியும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்றார். ஒரு பக்கம் போட்டுக்கொண்டே மறுபக்கம் நானே தடுத்திருக்கிறேன். "காப்பியை விடச் சொல்லலை. ஆனா மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் பக்கத்துல அதைக் கொண்டு வராதீங்க. நல்லா இடைவெளி விடுங்க. மாத்திரையை எலுமிச்சம்பழச் சாறோட போடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார்.

"காப்பிக்கடைக்காரன் பொண்டாட்டிக்குக் காப்பியே வில்லனா! கடையில சொன்னா என்னை வேலைய விட்டே தூக்கிடுவாங்க."

"சிரிங்க. நாளையிலேர்ந்து நான் சாப்பிடற நேரத்துல டிகாக்ஷன் இறக்கக்கூடாது."

"அப்போ எனக்கு?"

"உங்களுக்கும்தான். வாசனை வந்தா எனக்குக் கை தானா டம்ளர்கிட்ட போயிடும்."

சொல்வது சுலபம். நாற்பது வயதுக்கு மேல், காலை எழுந்ததும் காப்பி இல்லை என்றால் தலை இரண்டாகப் பிளக்கிறது. முதல் வாரம் எரிச்சலில் பாத்திரங்களை உருட்டினேன். இதனால் ரத்த அழுத்தம் ஏறிவிட்டால் எடுக்க மாட்டார்களே என்று அதற்கும் பயந்தேன். கவலை வராத நாள் இல்லை. ஆனால் கவலை ஒரு பக்கம் இருந்துகொண்டே இருந்தது, எலுமிச்சம்பழம் மறுபக்கம் பிழிந்தபடி இருந்தது. பயம் போன பிறகுதான் செய்வேன் என்று காத்திருந்தால் என்னைப் போன்றவள் எதையும் செய்ய முடியாது. அதனால் பயத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். அவர் என் முன்னால் காப்பி குடிப்பதையே விட்டுவிட்டார். கடையிலேயே குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவார். சட்டையில் சிந்திய சொட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

தெருவில் பந்தலுக்கு மூங்கில் கட்டத் தொடங்கியிருந்தார்கள். கீழே அவள் நடை மறுபடி தளர்ந்திருந்தது. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, கேஸை ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்துவிட்டு, ரத்த வங்கிக்குப் போனேன். குத்தினார்கள். நீலத் தண்ணீர். சொட்டு ஒரு கணம் மேலே நின்றது. என் மூச்சும் அங்கேயே நின்றது. பிறகு அது நேராக, கல் மாதிரி கீழே போயிற்று.

"ஆச்சு, படுங்க" என்றாள் நர்ஸ்.

ஊசி ஏறும்போது கீழ் வீட்டுக்காரியின் கையை அவள் "ஐயோ தீதி, விரல்" என்று சொல்கிற வரை இறுக்கிப் பிடித்திருந்தேன். அதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. மயக்கம் வரும் என்று எதிர்பார்த்து எதிர்பார்த்து அலுத்துப்போனேன்.

பூஜை தொடங்குவதற்கு முந்தைய நாள், படியில் தடதடவென்று சத்தம். திரும்புகிற இடத்தில் நிற்கவில்லை. வாசல் வரை அதே வேகம்.

"மாஷி! புதுச் செருப்பு பாரு, நடக்கறதுக்குன்னே வாங்கினது!"

அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தேன். எல்லாம்தான் முடிந்துவிட்டதே என்று அவர் டம்ளரில் காப்பியை ஆற்றி என் முன்னால் நீட்டினார். நுரை பொங்கி நின்றது.

"இன்னும் நேரம் ஆகலை" என்றேன்.

"அதான் கொடுத்தாச்சே!"

"இந்தத் தடவைக்குத்தான் கொடுத்திருக்கேன். அவளுக்கு மாசாமாசம் வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டபராவைக் கவிழ்த்து டம்ளரை மூடி, ஜன்னலோரம் தள்ளி வைத்தார்.