சமையலில் போடாத உப்பு

வலிக்கவில்லை. அதுதான் முதல் அறிகுறி என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

2009, திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்திய வெயில். பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட்டில் எங்கள் வீட்டருகே உள்ள கோயிலை என் மனைவி சரோஜா உச்சி வேளையில் வெறுங்காலோடு மூன்று முறை நிதானமாகச் சுற்றினாள். நான் கல் சூடு தாங்காமல் குதித்து ஓடினேன்.

"ஆம்பளைக்கு இவ்வளவு சொகுசா?" என்று சிரித்தாள். மறுநாள் அவள் குதிகால் கொப்பளித்திருந்தது.

பத்து வருடச் சர்க்கரை. நரம்புச் சிதைவு (கால் நரம்புகள் உணர்வை இழப்பது) என்றார் பர்மிய டாக்டர் அம்மாள். கொப்புளம் புண்ணானது. தினமும் உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டினேன். ஒரு மாதமாகியும் ஆறவில்லை. எலும்புக்கு இறங்கினால் காலை எடுக்க வேண்டிவரும் என்று அவர் சொன்ன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன்.

பிறகு நானோ வெள்ளிக் கட்டு (கண்ணுக்கே தெரியாத வெள்ளித்துகள் பூசிய துணி, கிருமிகளைக் கொல்லும்) கொடுத்தார். மூன்று நாளுக்கு ஒரு துண்டு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் நனைத்து வைக்கச் சொன்னார். நான்தான் பெரிய கெட்டிக்காரன் ஆயிற்றே. வெறும் தண்ணீரை நம்பாமல் ஒரு கரண்டி உப்பும் சேர்த்தேன்.

இரண்டு வாரம் கழித்தும் புண் அப்படியே இருந்தது.

"ஊலே, எதுல நனைக்கிறீங்க?" என்று டாக்டர் பர்மிய மொழியில் கேட்டார். வயதில் மூத்த ஆண்களை அப்படித்தான் அழைப்பார்; பெண் டாக்டர் என்பதால் நாங்கள் அவரை 'சயாமா' என்போம்.

"உப்புத் தண்ணியில, சயாமா."

அவர் பேனாவை மூடிவைத்தார். "உப்பு அந்த வெள்ளியைப் பிடிச்சுக் கட்டிப்போட்டுடும். அப்புறம் அது சரியா வேலை செய்யாது. வெறும் தண்ணிதான், ஊலே."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சரோஜா என்னைப் பார்த்தாள். அவள் இரத்த அழுத்தத்துக்காக நான் உப்பைக் குறைத்துச் சமைப்பதில் அவளுக்கு ஏற்கெனவே கோபம்.

"சமையல்ல போடாத உப்பையெல்லாம் என் கால்ல கொட்டிட்டாரு, சயாமா."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

வீட்டில் புண் கட்டுகிறவர்களே, தெரிந்த வேலைதானே என்று இருந்துவிடாதீர்கள். ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வெறும் தண்ணீருக்கு மாறிய பின், ஓரங்களில் இளஞ்சிவப்பாகத் தோல் எட்டிப் பார்த்தது. எங்களுக்குக் கிழமைகள் மறந்துபோயின. கட்டு மாற்றும் நாள், மாற்றாத நாள், அவ்வளவுதான். ஒன்பது வாரத்தில் புண் மூடியது. கால் தப்பியது.

உணர்வு திரும்பவில்லை. இனித் திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். இப்போது மாலையில்தான் கோயிலுக்குப் போகிறோம். அவள் செருப்பைக் கழற்றுமுன் நான் குனிந்து கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன்.

"போலாமா?" என்று கேட்கிறாள்.

"இன்னும் கொஞ்சம் ஆறட்டும்," என்கிறேன். வாசலில் உட்கார்ந்து காத்திருக்கிறோம்.