நாற்பது ஜிபி ஹார்ட் டிஸ்க்

ஆறாம் வகுப்பில் எனக்கிருந்த ஒரே பெருமை சித்தப்பா. அவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர். பள்ளியில் நான் அதைக் கொஞ்சம் உயர்த்தி, இன்ஜினியர் என்று சொல்லிவைத்திருந்தேன். அதனால் தோழியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனதும் அவள் என்னிடம்தான் வந்தாள். அவளுடைய அப்பா பட்டுச்சேலைக்கு டிசைன் போடுபவர். ஒரு கல்யாணச் சேலையின் முந்தானை தறியில் பாதியில் நின்றிருந்தது. டிசைன் சிடியில் பத்திரமாக இருந்தும் திறந்து பார்க்க வழியில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் அவர்கள் வீட்டு மாடி. சித்தப்பா புது டிஸ்க்கைப் பொருத்தி ஸ்விட்சைப் போட்டார். கறுப்புத் திரையில் நாலைந்து வரிகள் ஓடி அப்படியே நின்றுவிட்டன. ஒயரைப் பிடுங்கிச் செருகினார். வேறு ஒயர் மாற்றினார். திரை அசையவில்லை. வியர்வை உள்ளே சொட்டிவிடாமல் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாப்பா, தெரியுமா தெரியாதா? அங்க தறி சும்மா நிக்குது," என்றார் தோழியின் அப்பா.

தோழி திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரிலண்ணா," என்றார் சித்தப்பா. "ஒரு போன் பண்ணிக்கட்டுமா?"

அந்த வீட்டுப் போனிலேயே, நின்றபடி பேசினார். "சார், நான்தான் சார்... வெச்சிடாதீங்க சார், ஒரே ஒரு டவுட்டு." கேள்வியைவிட சார்தான் அதிகம். எனக்குக் காதெல்லாம் எரிந்தது. எந்த இன்ஜினியர் இப்படிக் குழைவார்?

திரும்பி வந்து, டிஸ்க்கின் பின்புறம் இருந்த ஜம்பர் என்கிற பொடி பிளாஸ்டிக் துண்டை நகத்தால் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினார். கம்ப்யூட்டர் டிஸ்க்கை ஏற்றுக்கொண்டது. ஆனால் நாற்பது ஜிபியில் முப்பத்திரண்டுதான் காட்டியது.

"மீதி எங்கப்பா?"

"பழைய மெஷினுண்ணா. முப்பத்திரண்டுக்கு மேல இருந்தா அதுக்குப் புரியாது."

தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது சைக்கிளில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்து, அவருக்குப் பத்தடி பின்னால் நடந்தேன். அவரும் ஏறவில்லை. காரணம் கேட்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். சித்தப்பா அன்று போன் செய்தது தன் பழைய கடை முதலாளிக்கு. அதற்கு முந்தின வாரம்தான் அந்த மனிதர், வாடிக்கையாளர்கள் முன்னால் அவரைக் கடையைவிட்டு வெளியே அனுப்பியிருந்தார். விடை தெரிந்த வேறு ஆள் யாரும் சித்தப்பாவுக்கு இல்லை.

எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், தோழி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும்தான்.