ஆட்டைத் திவசத்துக்கு ஓர் அழைப்பு

இன்று யாழ்ப்பாணத்தில் மத்தியானக் காட்சி பார்த்தேன். மகனைக் கொன்றவனைத் தேடிப்போகும் தகப்பனின் கதை. கடைசியில் மன்னித்துவிடுகிறான். பிள்ளையைப் பறிகொடுக்காதவர்கள்தான் இப்படி முடிவு எழுதுவார்கள்.

வெளியே எங்கள் இணுவில் ஒழுங்கைக்காரர் ஒருவர், நாலு வீடு தள்ளி இருப்பவர், நின்றார். பெயர் வேண்டாம். போன வருடம் அவருடைய ஒரே மகனை டிப்பர் லொறி அடித்துக் கொன்றது. சாரதி பிணையில் வந்து அதே வீதியில் இன்னும் ஓட்டுகிறான்.

"படம் எப்பிடி அண்ணை?"

"முடிவுதான் பிழை," என்று சிரித்தார். மகன் போனபிறகு அவர் சிரித்து இன்றுதான் கண்டேன்.

"வாற வெள்ளியோடை பொடியன் போய் ஒரு வருசம். ஆட்டைத் திவசம். சாப்பிட வா. டிப்பர்க்காரனுக்கும் சொல்லியிருக்கிறன்."

"உவனுக்கோ? வருவானோ?"

"ஓம். வீடு தேடிப்போய்ச் சொன்னனான். காலிலை விழுந்து அழுதவன். கட்டாயம் வாறன் எண்டவன்."

"சமையலுக்கு ஆர்?"

"அவன்ரை இலைக்கு மட்டும் நான் சமைக்கிறன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அந்தச் சாரதியில் துளி இரக்கமும் இல்லை. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அண்ணை மன்னித்துவிட்டார் என்று நம்புகிறவர்கள் கீழே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அந்தச் சாரதிக்குப் பக்கத்து இலையில் உங்களை இருத்துகிறேன்.