பிரீமியம் டீசலும் கோழி வண்டியும்

1. சும்மா சொன்ன ஆலோசனை

வாடிக்கையாளருக்கு உடனே பதில் சொல்லத் தெரியாதபோது சொல்வதற்கென்று சர்வீஸ் அட்வைசர்கள் எல்லோரும் கைவசம் சில வாக்கியங்கள் வைத்திருப்போம். "பிரீமியம் டீசல் போட்டுப் பாருங்க, பிக்கப் பிச்சுக்கும்" என்பது என்னுடைய வாக்கியம்.

கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஒரு சர்வீஸ் சென்டரில் நான் அட்வைசராக இருந்தேன். அதற்கு முன் பதினெட்டு வருடம் ஸ்பேனர் பிடித்தவன். அதனால் நான் எதைச் சொன்னாலும் ஆட்கள் நம்பினார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இப்போது வேலைக்கு வருகிற தம்பிகளும் தங்கைகளும் இதைப் படிப்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சாமியப்பன் பல்லடத்துக்காரர். பி.எஸ். சிக்ஸ் டர்போ டீசல் பிக்கப் வண்டி ஒன்றைச் சொந்தமாக ஓட்டினார். விடியற்காலையில் பண்ணையில் கறிக்கோழி ஏற்றி, மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி, கோத்தகிரிக் கடைகளில் இறக்குவார். அவர் மனைவி மரகதமும் கூடவே போவார். கடைக்குக் கடை எடை போட்டு இறக்குவது அவர் பொறுப்பு.

"ஏனுங்ணா, வண்டி மேட்டுல இழுக்கவே மாட்டீங்குது. மிதிச்சாலும் செவனேன்னு போகுதுங்க" என்று ஒரு நாள் சாமியப்பன் வந்து நின்றார்.

ஸ்கேனர் போட்டேன். எரர் கோட் எதுவும் வரவில்லை. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றி, காலி வண்டியை சர்வீஸ் ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டினேன். நன்றாகத்தான் போனது. எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. என் வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

2. மரகதத்தின் நோட்டு

இரண்டு மாதம் கழித்து, நடுவில் இன்னும் இரண்டு சர்வீஸ் முடிந்த பிறகு, இருவரும் ஒன்றாக வந்தார்கள். சாமியப்பன் முகம் வாடியிருந்தது.

"லோடு குடுக்கற ஏவாரி சொல்லிப்போட்டாருங்ணா. இந்த வாரமும் ஏழரைக்குள்ள லோடு போய்ச் சேரலீன்னா வேற வண்டி பாத்துக்குவாராம்."

கோழி வண்டியில் தாமதம் என்பது சாதாரண விஷயமில்லை. கடைக்காரர்கள் ஏழரைக்கு வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அது போக, வண்டி ஊர்ந்து போனால் காற்றோட்டம் குறைந்து நடுக்கூண்டில் இருக்கும் கோழிகள் மூச்சு முட்டிச் சாகும். அந்த வாரம் மட்டும் மூன்று நாள் செத்த கோழிகளைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். அந்த ஒரு வியாபாரியின் லோடுதான் அவர்கள் குடும்பத்தின் பிழைப்பு.

"பிரீமியம் போடறீங்களா?" என்று கேட்டேன்.

"போடறமுங்க. போட்டா நல்லாத்தான் இழுக்குது" என்றார் சாமியப்பன்.

மரகதம் மெல்ல ஒரு பள்ளிக்கூட நோட்டை என் மேஜையில் வைத்தார். "இவருக்கு அப்படித் தோணுதுங்க. நோட்டுல அப்படி இல்லீங்க" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். பத்து நாள் சாதா டீசல், பத்து நாள் பிரீமியம், மறுபடி பத்து நாள் சாதா. ஒவ்வொரு நாளும் முதல் கொண்டை ஊசி வளைவைத் தொட்ட நேரம், கோத்தகிரி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிய நேரம், ஏற்றிய எடை. மழை பெய்த நாளுக்கு ஓரத்தில் ஒரு குடை வரைந்திருந்தார். மூன்று பத்து நாளுக்கும் ஏறின நேரம் ஒன்றுதான். ஒரு நிமிடம் கூடும், ஒரு நிமிடம் குறையும், அவ்வளவுதான். எங்கள் கம்பெனி ட்ரெய்னிங்கில்கூட இவ்வளவு சுத்தமான ரோட் டெஸ்ட் ரிப்போர்ட்டை நான் பார்த்ததில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டீசல் வண்டியில் பிரீமியம் செய்கிற வேலை என்ன என்று எனக்குத் தெரியாதா? அதில் கலந்திருக்கும் மருந்து, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் அழுக்குப் படியாமல் பார்த்துக்கொள்ளும். நாள்பட அது நல்லதுதான். அதற்காக, நல்ல இன்ஜெக்டர் உள்ள வண்டி இன்று ஊற்றி இன்றே பாய்ந்துவிடாது. பெட்ரோல் டர்போ என்றால் கதை வேறு. சில எஞ்சின்கள் ஆக்டேன் கூடின பெட்ரோலுக்குக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், அதுவும் வண்டியோடு வரும் கையேட்டில் அப்படிப் போட்டிருந்தால். சாமியப்பனுக்கு 'நல்லா இழுக்குது' என்று தோன்றியதற்குக் காரணம், பிரீமியம் போட்ட நாளில் அவர் கால் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் ஆசையாக மிதித்ததாகத்தான் இருக்கும்.

"இன்னொண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார் மரகதம். "சர்வீஸ் முடிச்சுக் குடுக்கறப்ப பானெட்டத் தொறந்து காட்டறீங்க, பளபளன்னு இருக்குது. பத்து நாள்ல அந்தக் கறுப்புக் குழாய் முனையில எண்ணெய் பிசுக்குப் புடிச்சுக்குதுங்க. அடுத்த சர்வீஸ்ல நீங்க மறுபடி தொடைச்சுக் குடுத்துப்போடறீங்க. அது எதுக்கு வருதுங்க?"

டெலிவரிக்கு முன்னால் எஞ்சினைத் துடைத்துப் பளபளப்பாகக் காட்டுவது எங்கள் சென்டரின் பெருமை. அதற்கென்றே வேஸ்ட் துணியோடு ஒரு ஆள் நிற்பார். வாடிக்கையாளர் பார்த்ததும் மகிழ வேண்டும் என்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான்.

வெளியே ஓடிப்போய் பானெட்டைத் தூக்கினேன். சர்வீஸ் ஆகி இரண்டு வாரம் இருக்கும். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் முனையில் ஈரமாகக் கறுப்புப் பிசுக்கு. டர்போ அமுக்கி அனுப்பும் காற்று அங்கே கசிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஹோஸைக் கழற்றி வளைத்தேன். கிளாம்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கம், விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. காலி வண்டியில் அது மூடியே கிடக்கும். லோடு ஏற்றி மேட்டில் மிதித்தால்தான் திறந்து காற்றை வெளியே விடும். கசிவு சின்னதாக இருந்ததால் ஸ்கேனரும் கண்டுகொள்ளவில்லை. வண்டியே மூன்று சர்வீஸாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் மூன்று முறையும் துடைத்துவிட்டிருந்தோம்.

புது ஹோஸ், புது கிளாம்பு போட்டேன். "நாளைக்குச் சாதா டீசலே இருக்கட்டும். நானும் கூட வாரேனுங்க" என்றேன்.

3. கோத்தகிரி

மறுநாள் விடியற்காலை கோழி வாசத்தோடு மூன்று பேரும் முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்து போனோம். மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. முதல் வளைவில் மரகதம் நேரத்தைக் குறித்துக்கொண்டார். சாமியப்பன் மிதித்தார். வண்டி முதுகில் கை வைத்துத் தள்ளியது போலக் கிளம்பியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ரோட்டப் பாருங்க" என்றார் மரகதம்.

ஏழே காலுக்கு முதல் கடையில் கூண்டை இறக்கினோம். ஒரு கோழிகூடச் சாகவில்லை. வியாபாரி போன் செய்து, லோடு அவர்களுக்கே தொடரும் என்றார். சாமியப்பன் போனை வைத்துவிட்டு டயர் பக்கம் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி டீக்கடைப் பக்கம் நடந்தேன்.

திரும்பும் வழியில் என்னை சென்டரில் இறக்கிவிட்டார்கள். வாசலிலேயே மேனேஜர் நின்றிருந்தார். "என்ன கம்ப்ளெயின்ட்டுங்க? மூணு சர்வீஸாத் தெரியாதது இப்ப எப்படித் தெரிஞ்சுது?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மரகதம் முந்திக்கொண்டார். "அண்ணன்தானுங்க கண்டுபுடிச்சாரு. கூடவே வந்து ஓட்டிப் பாத்துத்தான் விட்டாருங்க."

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த நோட்டைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. "இல்ல சார். கண்டுபிடிச்சது இவங்க. பிரீமியம் போடச் சொல்லித் திசைமாத்துனது நான். பிசுக்கைத் துடைக்க வெச்சதும் நான்தான்" என்றேன்.

மேனேஜர் பானெட்டை ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பிறகு, "இனிமே பாத்துட்டுத் தொடைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து எங்கள் சென்டரில் அட்வைசர் பானெட்டைத் திறந்து பார்த்து ஜாப் கார்டில் எழுதிய பிறகுதான் துணியை எடுக்கலாம் என்று ஆனது. தம்பிகளே, தங்கைகளே, நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். துடைப்பதற்கு முன் பாருங்கள்.

மேனேஜர் போனதும் மரகதத்திடம் கேட்டேன். "என்மேல புகார் எழுதிக் கொடுத்திருக்கலாமேங்க. எதுக்குங்க என்னைக் காப்பாத்தினீங்க?"

அவர் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார். "உங்கள மாட்டிவிட்டு எங்களுக்கு என்ன ஆவப்போகுதுங்ணா? எங்க பொழப்பு இந்த வண்டியில இருக்குது. வண்டி உங்க கையிலதானுங்களே இருக்குது."

ஓய்வு பெறும் நாள் வரை ஒவ்வொரு வண்டியின் பானெட்டைத் தூக்கும்போதும் அந்த அம்மாவுக்கு மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன். நேரில் ஒரு நாளும் சொல்லாமலே விட்டுவிட்டேன்.