அம்மா வாய் திறக்காத இரண்டு மணி நேரம்

என் அம்மா நொலீன், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும் டார்வினுக்கும் இடையே இருபது வருஷம் மூன்று டிரெய்லர் கோர்த்த லாரி ஓட்டியவள். காய்கறிக் கடைத் தள்ளுவண்டியைக்கூடப் பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்துவாள். அப்பா கிளைவ் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். கூடாரத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மூவரும் சிம்ப்சன் பாலைவனத்துக்குக் கிளம்பிய அன்று, "லீவுல நீ ஓட்டவும் கூடாது, எனக்குப் பாடம் நடத்தவும் கூடாது" என்று அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டார்.

முதல் மணல்மேட்டிலேயே வண்டி அச்சுவரை புதைந்தது. அம்மா மடக்கு நாற்காலியை விரித்து, தேநீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா தோண்டினார், தள்ளினார், என்னையும் தள்ளச் சொன்னார். இரண்டு மணி நேரமானது. ஈக்கள்தான் கூடின.

"ஏதாவது சொல்லித் தொலையேன்!" என்று கத்தினார் அப்பா.

"வாயத் தொறக்காதேன்னு நீதானே சொன்ன?"

"தெரியாம சொல்லிட்டேன், தாயே. சொல்லு."

"டயர்ல காத்த பாதியா இறக்கு. அகலமாப் பரவி, மணல்ல புதையாம ஏறும்."

இறக்கியதும் அம்மா சாவியை வாங்கி, ஒரே மூச்சில் வண்டியை மேடேற்றிவிட்டாள். பக்கத்து இருக்கையில் பெல்ட்டை மாட்டிய அப்பா, "பாத்து, மெதுவாப் போ, மணல்" என்றார்.

அம்மா சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங்கே ஆடியது.