முப்பத்திரண்டு பக்க இங்கிலீஷும் மூன்று காணிக் கரும்பும்

எங்கள் கிணற்று எஞ்சினைக் கிளப்பியவர் சுப்பராயலு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சுப்பராயலு என் கூடப்பிறந்த அண்ணன்தான். அதற்காகப் பொய்யை ஒத்துக்கொள்ள முடியாது. எஞ்சினைக் கிளப்பியது கஸ்தூரி அண்ணி. படித்தே கிளப்பினார். அப்போது நான் பக்கத்தில் நின்று சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணி வில்லியனூர்ப் பெண். அங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, செர்த்திபிகா என்ற ஆரம்பப் பள்ளிப் பரீட்சை தேறிய பிறகு பாகூருக்கு வாழ வந்தவர். பிரெஞ்சு மளமளவென்று வாசிப்பார். இங்கிலீஷில் எழுத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் அது எதற்கு? எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் போகிறவர்களுக்குத்தான் அது வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் சித்திரையிலேயே ஏரி வற்றிவிட்டது. மூன்று காணியில் நான்கு மாதக் கரும்பு நின்றது. கிணற்றில் தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட, கவலையில் தோல்சால் இழுத்து இறைத்தே மாடுகள் நுரை தள்ளின. அண்ணன் நெல்லிக்குப்பம் பக்கம் போய், யாரோ வேண்டாமென்று விற்ற எண்ணெய் எஞ்சின் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே அதை ஓட்டும் விதம் சொல்லும் முப்பத்திரண்டு பக்க இங்கிலீஷ் புத்தகம் ஒன்றும் வந்தது.

கடலூர் மெக்கானிக் மாரிமுத்து வந்து எஞ்சினைப் பூட்டி, ஒரு காலையில் ஓட விட்டார். சாயங்காலம் வருகிறேன் என்று போனவர் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. அண்ணன்தான் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். "தானா நின்னுபோச்சு" என்றார். மறுநாள் சக்கரத்தை எவ்வளவு சுற்றியும் கிளம்பவில்லை. ஆள் அனுப்பினோம். பண்ருட்டியில் அரிசி மில் வேலை இருக்கிறது, அடுத்த மாசம்தான் வர முடியும் என்று பதில் வந்தது. "புத்தகம் குடுத்திருக்குதே, படிச்சிப் பாத்துக்கச் சொல்லு" என்று சிரித்தாராம்.

கரும்புத் தோகை சுருள ஆரம்பித்திருந்தது. பத்து நாளில் தண்ணீர் பாயாவிட்டால் அறுத்து மாட்டுக்குப் போட வேண்டியதுதான். அன்றைக்குத்தான் அண்ணி அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"நீ படிக்கப் போறியா? இன்னாடி வெளையாட்டு இது?" என்றார் அண்ணன்.

"அவரு படிச்சிப் பாக்கச் சொன்னாரு இல்ல? பாக்கறேன்" என்றார் அண்ணி.

முதல் நாள் மத்தியானமே அண்ணிக்கு ஓர் ஆச்சரியம். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, இதுல நீளமான வார்த்தை எல்லாம் நமக்குத் தெரிஞ்ச ஆளுங்கதான். பிரெஞ்சுல இருக்கிற அதே வார்த்தைங்க. குட்டி குட்டியா இருக்குதே, அதுங்கதான் யாருன்னே தெரியல."

அடுப்பங்கரைச் சுவரில் கரியால் எழுத ஆரம்பித்தார். எறிவதற்குப் பிரெஞ்சில் ழெத்தே என்பார்கள். அந்த வேரை நடுவில் எழுதி, இன்ஜெக்ட் என்றால் உள்ளே எறிவது, ரிஜெக்ட் என்றால் திருப்பி எறிவது, இஜெக்ட் என்றால் வெளியே எறிவது என்று பக்கத்தில் வரிசை கட்டினார். 'எக்ஸ்' என்று தொடங்கினால் ஏதோ வெளியே போகிறது. 'ரி' என்று தொடங்கினால் மறுபடியும் செய் என்கிறான். இப்படி ஒரு வேரைப் பிடித்தால் நாலு வார்த்தை கிடைத்தது. நான்தான் இங்கே இங்கிலீஷ்காரன் சொல்கிறபடி எழுதுகிறேன். அண்ணி கம்ப்ரெஷனைக் கொம்ப்ரெஸியோன் என்று மூக்கால் சொல்வார். எனக்குச் சிரிப்பு தாங்காது. அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

மூன்றாம் நாள் அந்தக் கொம்ப்ரெஸியோனை நம்பித்தான் மோசம் போனோம். உள்ளே அழுத்தம் குறைந்தால் எஞ்சின் கிளம்பாது என்று ஒரு பக்கத்தில் இருப்பதாக அண்ணி சொல்ல, நானும் அண்ணனும் எஞ்சின் மூடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டினோம். இரண்டு நாள் வீணாயிற்று. எஞ்சின் அசையவில்லை. "வூட்டு வேலையப் பாரு. கரும்ப நான் அறுத்துக்கிறேன்" என்று அண்ணன் கத்தினார். அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

"தப்பு என்னுதுதான். பெரிய வார்த்தைய மட்டும் படிச்சிட்டுச் சின்னத வுட்டுட்டேன். இன்னும் அஞ்சு நாள் இருக்குது" என்றார்.

பிறகு அவர் அடுப்பங்கரையில் படிக்கவில்லை. புத்தகத்தைக் கிணற்றடிக்கே கொண்டுபோய், எஞ்சின் முன்னால் உட்கார்ந்து படித்தார். நட்டு என்ற வார்த்தை மாரிமுத்து வேலை செய்யும்போது கத்திய கத்தலில் காதில் விழுந்திருந்தது. புத்தகத்தில் டைட்டன், ஸ்லாக்கன் என்ற இரண்டும் எப்போதும் அந்த நட்டின் பக்கத்திலேயே நின்றன. இன்றைக்கு டைட் என்றால் வண்டிக்காரருக்கும் தெரியும். அன்றைக்கு எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அண்ணி பக்கம் பக்கமாகத் தேடினார். ஸ்லாக்கன் மூன்று இடத்தில் இருந்தது, மூன்றும் வேலை தொடங்குகிற இடம். டைட்டன் ஐந்து இடத்தில், ஐந்தும் வேலை முடிகிற இடம்.

"வேலைய முடிச்சிட்டு எவனாவது நட்டக் கழட்டி வுட்டுட்டுப் போவானா? அப்ப டைட்டன்னா முடுக்கறது. மத்தது தளத்தறது" என்றார். அப்போதுதான் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஒரு வரியில் விரல் வைத்தபடி அண்ணனைக் கூப்பிட்டார். அந்த வரியில் அவருக்குப் பிரெஞ்சிலிருந்து தெரிந்தவை மூன்று: எண்ணெய்த் தொட்டி, பம்பு, காற்று. கூடவே தளர்த்து, முடுக்கு என்ற இரண்டும் இருந்தன.

"இன்னாங்க, எஞ்சின் நின்ன அன்னைக்குத் தொட்டியில எண்ணெ இருந்திச்சா?"

அண்ணன் வரப்பைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். கடைசியில், "கொஞ்சம் கண்ணசந்துட்டேன். காலியாயிடிச்சி. அப்பறமா ஊத்திட்டேனே" என்றார்.

அண்ணி கோபப்படவில்லை. "தொட்டி காலியானா குழாயில காத்து பூந்துக்கும். குழாய் நட்டத் தளத்தி எண்ணெப் பம்ப அடிச்சா காத்து போயிடும். அப்பறம் முடுக்கணும். அவ்ளோதான் எழுதியிருக்கான்" என்றார்.

நட்டைத் தளர்த்தினேன். பம்பைக் கையால் அடித்தேன். எண்ணெய் நுரைத்து நுரைத்து வந்தது. "இன்னும் அடி தம்பி, நுரை நிக்கட்டும்" என்று அண்ணி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நுரை நின்று எண்ணெய் தெளிவாக வழிந்ததும் முடுக்கச் சொன்னார். அந்தக் காலத்து எஞ்சின் சூடானால்தான் பிடிக்கும் என்பதால் அதன் தலையை விளக்கு வைத்துக் காய்ச்சி, நானும் அண்ணனும் சக்கரத்தைச் சுற்றினோம். முதல் சுற்றில் ஒரு தும்மல். இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. குழாய் வாயிலிருந்து தண்ணீர் தொபதொபவென்று வாய்க்காலில் விழுந்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

வாய்க்கால் நிரம்பி முதல் பாத்திக்குள் தண்ணீர் நுழைந்தபோது அண்ணன் திடீரென்று பயந்து போனார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "கஸ்தூரி! இத்த நிறுத்தறது எப்பிடி?"

அண்ணி ஒரு சாக்கை விரித்து எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தார். புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தை எடுத்தார்.

"அந்தப் பக்கம் இன்னும் படிக்கல. மூணு காணியும் நனையறதுக்குள்ள படிச்சிடறேன். நீங்க தொட்டியப் பாத்துக்கங்க. தூங்கிடாதீங்க."